சுவருக்குத் தெரியாது

கேண்டீனுக்கு கேஸ் சிலிண்டர் இறக்குகிற ஆள் கேண்டீன்காரரிடம் சொன்னான். கேண்டீன்காரர் மீதிச் சில்லறை கொடுக்கிற சாக்கில் லேப் அண்ணனிடம் சொன்னார். லேப் அண்ணன் அதைக் காலையிலிருந்து நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்துவிட்டு, மத்தியானம் பாய்ம ஆய்வகத்தில் பம்பின் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேடத்திடம் மெல்ல அவிழ்த்துவிட்டார்.

"மேடம், கேள்விப்பட்டீங்களா? சாய ஃபாக்டரியில தொட்டி வெடிச்சிருச்சாம்."

"எந்தத் தொட்டி அண்ணே?"

"புதுசா செஞ்ச இரும்புத் தொட்டி. அழுத்தம் தாங்குதான்னு சோதிச்சுப் பாக்கறப்போ வெடிச்சிருக்கு. ரெண்டு பேரு போயிட்டாங்கன்னு ஒருத்தன் சொல்றான். நாலு பேருங்கிறான் இன்னொருத்தன். யாருக்கும் ஒண்ணும் இல்ல, கூரைதான் பறந்துச்சுன்னும் பேச்சு. எத நம்புறது?"

மேடம் கையில் நிறுத்தற்கடிகாரம் இருந்தது. எதிரே மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அளவுத் தொட்டியைச் சுற்றி நின்று, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறித்த கோட்டைத் தொட்டதும் அவர் கடிகாரத்தை நிறுத்த வேண்டும்.

லேப் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "முன்னால நின்னு செஞ்சது நம்ம காலேஜுல படிச்ச பையனாம் மேடம். பேரு தெரியல. தண்ணி ரொப்பிப் பாக்க வேண்டியத காத்த அடைச்சுப் பாத்திருக்கான். என்னப்பா, காத்த அடைக்கிறேன்னு கூட இருந்தவங்க கேட்டதுக்கு, 'சுவருக்குத் தெரியாது'ன்னு சொல்லிச் சிரிச்சானாம்."

தண்ணீர் கோட்டைத் தொட்டது, தாண்டியது. யாரோ "மேடம், மேடம்" என்றார்கள். தொட்டி நிரம்பி வழிந்து முன்வரிசையின் காலணிகளை நனைத்த பிறகுதான் அவர் கட்டைவிரல் அசைந்தது. அதற்குள் அந்த அளவீடு குப்பைக்குப் போய்விட்டது.

அந்த வாக்கியம் அவருடையது.

எல்லாப் பிரிவுக்காரர்களுக்கும் இரண்டாம் ஆண்டில் வருகிற இயக்கவியல் பாடத்தில் பிறந்தது அது. முதல் பருவத்தில் திடப்பொருள், அடுத்ததில் பாய்மம். பையன்கள் வாயில் 'சாலிட்', 'ஃப்ளூயிட்'. இரண்டையும் மேடமே எடுத்தார். வகுப்பில் பாதிப் பேருக்குத் தாங்கள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாது. மீதிப் பாதிக்குத் தெரியும், வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை. இந்தக் கூட்டத்துக்கு உத்தரத்தின் வளைவையும் குழாயின் ஓட்டத்தையும் ஏற்றுவதற்கு மேடம் கைப்பையில் ஒரு சின்னக் கடையே வைத்திருந்தார். பேனாவால் கோடு கிழித்த அழிப்பான் ஒன்று. அதை வளைத்தால் மேல்பக்கக் கோடுகள் விலகும், கீழ்ப்பக்கக் கோடுகள் நெருங்கும். நடுவில் ஒரு கோடு சும்மா இருக்கும். சாக்பீஸை இழுத்து உடைத்தால் நேராக உடையும், முறுக்கி உடைத்தால் சாய்வாகச் சுற்றிக்கொண்டு உடையும். ஒவ்வொரு பையனையும் முறுக்கிப் பார்க்கச் சொல்வார். அலுவலக அறைக்காரர் சாக்பீஸ் பெட்டியைக் கொடுக்கும்போதெல்லாம், "மேடம், எழுதவா, ஒடைக்கவா?" என்று கேட்பார். மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்ச் ஒன்றும் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டும்.

மெல்லிய சுவர் உருளைப் பாடம் வருகிற அன்று மேடம் பலகையில் ஒரு வட்டம் போட்டு நடுவே வெட்டுவார். உள்ளே இருக்கும் அழுத்தம் இரண்டு பாதிகளையும் பிரிக்கப் பார்க்கிறது. சுவரின் இரண்டு ஓரமும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தள்ளுகிறதும் பிடிக்கிறதும் சமம். ஒரே வரிச் சமன்பாடு. பரீட்சையில் தவறாமல் வரும். இதைத்தான் அவர் ஒரு வருஷம் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்தான்.

அவனுக்கு வகுப்பில் அரைமார்க் என்று பெயர். விடைத்தாளை வாங்கிய கையோடு பணியறைக்கு வந்துவிடுவான்.

"மேடம், விடை தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா படம் சரியா போட்டிருக்கேன் பாருங்க. அதுக்கு ஒரு அரை மார்க்?"

"படத்துக்கு மார்க் வேணும்னா ஓவியப் பள்ளிக்கூடத்துக்குப் போப்பா."

"அங்கயும் அரை மார்க்தான் குடுப்பாங்க மேடம், என் படத்துக்கு."

கொடுத்துவிடுவார். வாங்கிக்கொண்டு போகிறவன் வாசலில் நின்று, "அப்ப அந்த நாலாவது கேள்வி?" என்பான். பணியறையே சிரிக்கும்.

அன்று எழுந்து நின்று அவன் கேட்டது: "உள்ள என்ன இருக்கு மேடம்? காத்தா, தண்ணியா?"

"எதுவா இருந்தா என்னப்பா? அழுத்தம் ஒண்ணுதானே. உள்ள காத்து இருக்கா தண்ணி இருக்கான்னு சுவருக்குத் தெரியாது."

வகுப்பு சிரித்தது. மேடத்துக்கும் அந்த வாக்கியம் பிடித்துப் போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் அதே வாக்கியம். மாணவர்கள் அவருக்குச் சுவர் மேடம் என்று பெயர் வைத்தார்கள். யாரோ அவர் பலகை முன் கையை விரித்து நிற்கிற படத்தைப் பிடித்து, கீழே அந்த வாக்கியத்தைப் போட்டு வாட்ஸப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். படிக்காமல் பரீட்சைக்குப் போகிறவன் அதை அனுப்புவான். காதல் விவகாரம் வீட்டுக்குத் தெரியாது என்று சொல்ல இன்னொருவன் அனுப்புவான். மேடத்தின் கைபேசிக்கே அது இரண்டு மூன்று முறை வந்ததுண்டு. அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

ஆனால் அன்று சிரிப்பு அடங்கிய பிறகு அரைமார்க் உட்காரவில்லை. அதுதான் இப்போது ஈர ஆய்வகத்தில் நின்றுகொண்டிருந்த மேடத்துக்கு நினைவு வந்தது.

"அப்ப வெடிச்சா மேடம்? வெடிச்சாலும் ரெண்டும் ஒண்ணுதானா?"

"வெடிக்காம இருக்கத்தானேப்பா இந்தப் பாடமே. வெடிச்சதுக்கு அப்புறம் நடக்கிறது அடுத்த பருவம். ஃப்ளூயிட்ல பாக்கலாம். உக்காரு."

அடுத்த பருவத்தில் மேடம் சிரிஞ்சை எடுத்தார். தண்ணீர் நிரப்பி, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கச் சொன்னார். அசையவில்லை. காற்று நிரப்பி அமுக்கச் சொன்னார். பாதி வரை உள்ளே போய், கையை விட்டதும் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஒருவன் கையிலிருந்து எகிறி மின்விசிறியில் பட்டு விழுந்தது. ஆரவாரம். "பாத்தீங்கள்ல? அதனால தண்ணிய அமுங்காத பொருள்னு எடுத்துக்கறோம். காத்து அமுங்கும். அது தெர்மோவுல வரும்" என்று சிரிஞ்சைப் பைக்குள் போட்டார்.

தெர்மோ என்கிற வெப்ப இயக்கவியலை எடுக்கிறவர் எஞ்சினையும் குளிர்பெட்டியையும் நடத்தினார். தொட்டி வெடிப்பது அவர் பாடத்திலும் இல்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நடுச்சுவருக்கு மற்றவர் வெள்ளையடிப்பார் என்று விட்டுவைத்தது போல அந்த ஒரு விஷயம் மூன்று பாடங்களுக்கு நடுவே யார் கையும் படாமல் நின்றுவிட்டது. மூன்றையும் மூன்று பேர் எடுத்திருந்தாலாவது ஒரு சமாதானம். அதில் இரண்டு வீடும் மேடத்துடையதுதான்.

பணியறை காலியானதும் நெட்டைக்கு ஃபோன் போட்டார். அரைமார்க்கோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். இப்போது வால்வு விற்கிறான். அந்த ஊர்ப் பக்கத்து ஃபாக்டரி எதுவும் அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

"யாருப்பா அது?" என்றார், எடுத்த எடுப்பில்.

"உங்களுக்கும் வந்துருச்சா மேடம்... அரைமார்க்தான்."

"இருக்கானா?"

"இருக்கான். கால் ஒடஞ்சிருக்கு. ஒரு பக்கக் காது போச்சு. ஆஸ்பத்திரியில இருக்கான். போனது வெல்டர். ஒரே ஆளுதான். மத்ததெல்லாம் சும்மா பேச்சு."

"எப்படிப்பா?"

"மறுநாள் தொட்டிய லாரியில ஏத்தி அனுப்பணும். தண்ணி லாரி வரல. கம்ப்ரஸர் பக்கத்துலயே இருந்திருக்கு. ஏத்த வேண்டிய அளவுக்கு ஏத்தியாச்சு. வெல்டர் சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷுமா ஓரத்துல நின்னு, எங்கயாவது குமிழ் வருதான்னு தடவிப் பாத்துட்டு இருந்திருக்காரு. அவரு நின்ன பக்கத்து மூடிதான் பிச்சுக்கிச்சு."

மேடம் மேசை மேல் கிடந்த சாக்பீஸ் ஒன்றை எடுத்தார். "தண்ணியா இருந்திருந்தா?"

"நனைஞ்சிருப்பாங்க மேடம். அவ்வளவுதான்."

இரண்டு பேருக்கும் தெரிந்த கணக்கு அது. தண்ணீர் அமுங்காது, சுவர் விரிசல் விட்டால் ஒரு கோப்பைத் தண்ணீர் பீய்ச்சும், அழுத்தம் அதோடு தீர்ந்துவிடும். காற்று அப்படியில்லை. அத்தனை நேரம் கம்ப்ரஸர் ஏற்றியதெல்லாம் சுருட்டி வைத்த வில்லாக உள்ளே காத்துக்கொண்டிருக்கும்.

"அந்த வாக்கியத்த நெஜமாவே சொன்னானா?"

"சொன்னான்னு எல்லாருமே சொல்றாங்க மேடம். வெல்டர்கூடச் சிரிச்சாராம்." நெட்டை தொண்டையைச் செருமிக்கொண்டான். "வக்கீலப் பாத்தோம். அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. காத்து ஆபத்துன்னு இவனுக்கு யாராவது சொல்லிக் குடுத்திருக்காங்களா இல்லையான்னு. சொல்லிக் குடுக்கலன்னா, பழக்காத ஆள நிறுத்தி வேலை வாங்கினதுக்குக் கம்பெனிதான் பதில் சொல்லணும். தெரிஞ்சே செஞ்சான்னா இவன் உள்ள போகணும். வெளிய வர ரொம்ப வருஷம் ஆகும். போன மாசம்தான் மேடம் அவனுக்குப் பொண்ணு பொறந்துச்சு. விசாரணை அதிகாரி காலேஜுக்கும் வருவாருன்னு சொல்றாங்க. உங்களத்தான் கேப்பாரு."

மேடம் ஃபோனை வைத்தபோது சாக்பீஸ் இரண்டாகியிருந்தது. சாய்வான உடைப்பு. எப்போது முறுக்கினார் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். வயதில் மேடத்தைவிட இளையவர், வெளியூரில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி வந்தவர். பேச்சில் மரியாதைக்குக் குறைவே வைக்கமாட்டார். அதனாலேயே அவர் அறைக்குள் போகும்போது மேடம் சேலைத் தலைப்பை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வார்.

"உக்காருங்க மேடம். தண்ணி குடிங்க. விசாரணை அதிகாரி இன்னிக்கு வர்றாரு. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. காத்து, தண்ணி வித்தியாசம் சொல்லிக் குடுத்தீங்களான்னு கேப்பாரு. ஆமான்னு ஒரு வார்த்தை. முடிஞ்சது."

"சொல்லிக் குடுக்கலையே சார்."

"சிரிஞ்ச் காட்டுவீங்கல்ல?"

"காட்டுவேன்."

"அப்பறம் என்ன? பசங்களே சொல்றாங்க, மேடம் சிரிஞ்ச் காட்டற கிளாஸ்னாலே ஜாலின்னு."

"அத வெச்சு தொட்டியப் பத்தி நான் பேசினதே இல்ல. அவன் கேட்டான். அடுத்த பருவம்னு தள்ளி விட்டேன்."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், இந்த வருஷம் அங்கீகாரக் குழு வருது. 'இந்தக் காலேஜுல படிச்சவன் ஆளக் கொன்னுட்டான், ஏன்னா இங்க சொல்லித் தரல'ன்னு ஒரு வரி வந்தாப் போதும். எனக்கு முன்னாடி, உங்களுக்குத்தான் கஷ்டம். நீங்க ஒப்பந்த ஆசிரியர். புதுப்பிக்கிற காகிதம் என் மேசையிலதான் இருக்கு. நான் மிரட்டறேன்னு நினைச்சுக்காதீங்க, தப்பு. அக்கறையில சொல்றேன்."

"ஆமான்னு சொன்னா அவன் உள்ள போவான் சார்."

"அது அவன் செஞ்ச வேலைக்கு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிரித்தார். "சுவருக்குத் தெரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? இந்த ஒரு தடவ நீங்களே சுவரா இருந்துட்டுப் போங்களேன்."

எழுந்து வாசலுக்கு வந்த பிறகுதான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்பது மேடத்துக்கு உறைத்தது.

அதிகாரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார் என்றார்கள். வீடு இரண்டு தெரு தள்ளி. மேடம் நடந்தார். வழியெல்லாம் நுழைவாயிலும் மதிலும் மாடித் தொட்டியுமாகவே கண்ணில் பட்டன. ஒவ்வொன்றின் சுவரும் எதையோ பிடித்துக்கொண்டு நின்றது.

வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தவர். அச்சகத்தை மூடிய பிறகு சமையலறை அவர் பொறுப்புக்கு வந்தது. அங்கேயும் பிழை பார்ப்பார். உப்பு ஒரு கல் கூடினால் தாங்கமாட்டார்.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? எவனாவது பாஸாயிட்டானா?" என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. பேச்சு பாதியில் நின்று, மேடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"குக்கர்தான்மா," என்றார் வீட்டுக்காரர், மெதுவாக. அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டிக் காம்பால் விசிலைத் தூக்கப் போனார்.

"தூக்காதீங்க! அதுவா அடங்கட்டும்."

"இத்தன வருஷமா தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னிக்குத் தூக்காதீங்க. சொன்னாக் கேளுங்க."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். இரண்டு பேரும் குக்கர் அடங்குவதற்காக ஒன்றும் செய்யாமல் நின்றார்கள்.

"காட்டினேன்னு மட்டும் சொல்லேன். அது பொய்யில்லையே."

"காட்டினது வேற, சொன்னது வேற. ஒரு பக்கத்துல சிரிஞ்ச வெச்சேன். இன்னொரு பக்கத்துல தொட்டிய வெச்சேன். நடுவுல இருக்க வேண்டிய பக்கத்த நான் போடவே இல்ல."

"பக்கம் விட்டுப் போனா வாசகன் கண்டுபிடிச்சுருவான். எங்க தொழில்ல அப்படித்தான்." சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "ஆனா எங்க தொழில்ல யாரும் செத்துப் போறதில்ல."

"ஒப்பந்தத்தப் புதுப்பிக்க மாட்டாங்க."

"தெரியுது."

"அப்பறம் ரெண்டு பேரும் வீட்டுலதான்."

"ஒரே அடுப்புக்கு ரெண்டு ஆளா? நாளைக்கே வெட்டுக்குத்து." அவர் தட்டை எடுத்து வைத்தார். "சாப்பிட்டுப் போ. வெறும் வயித்தோட போயி நெஜத்தச் சொல்லாத. மயக்கம் வரும்."

விசாரணை அதிகாரி கல்லூரி விருந்தினர் அறையில், ஓரம் கிழிந்த தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துறைத்தலைவர், பிஸ்கட் தட்டு. அதிகாரி பல நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார். குரலில் அதட்டல் எதுவும் இல்லை.

"நான் வேதியியல் படிச்சவன் மேடம். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. காத்துல சோதிக்கிறதுக்கும் தண்ணியில சோதிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்த அந்தப் பையனுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

துறைத்தலைவர் இருமினார்.

மேடம் கைப்பையிலிருந்து சிரிஞ்சை எடுத்தார். மேசையில் இருந்த கோப்பையிலிருந்து தண்ணீர் இழுத்து அதிகாரியிடம் கொடுத்தார். "நுனிய அடைச்சுட்டு அமுக்குங்க சார்." அமுக்கினார். அசையவில்லை. தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் காற்றோடு கொடுத்தார். அமுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் அது துள்ளியதில், அதிகாரி ஒரு கணம் பின்னால் சாய்ந்தார்.

"இத வகுப்புல காட்டியிருக்கேன். வேடிக்கையாத்தான் காட்டினேன். இதுதான் தொட்டிக்குள்ள இருக்கும், தொட்டி பிச்சுக்கிட்டா பக்கத்துல நிக்கிற ஆள் செத்துருவான்னு ஒருநாளும் சொன்னதில்ல. அவன் எழுந்திரிச்சுக் கேட்டான், வெடிச்சா என்னன்னு. அப்பறம் வரும்னேன். வரல. சுவருக்குத் தெரியாதுன்னு சொன்னதும் நான்தான். அது அவன் கண்டுபிடிச்ச வசனம் இல்ல."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தார். ஆகவில்லை. அதிகாரி எழுதுகோலைக்கூட எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றது ஒரு மாதிரி இருக்கு. அவரு சொன்னது வேற மாதிரி இருக்கே."

"யாரு?"

"பையன்தான். நேத்து ஆஸ்பத்திரியில வாக்குமூலம் குடுத்தாரு. 'மேடம் சிரிஞ்ச வெச்சுத் தெளிவாக் காட்டினாங்க. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சது. காத்து ஆபத்துன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். சொல்லிக் குடுத்தவங்க மேல தப்பு இல்ல'ன்னு."

துறைத்தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். பிஸ்கட் தட்டை அதிகாரி பக்கம் நகர்த்தி வைத்தார்.

"பொய் சொல்றான்," என்றார் மேடம்.

"தன்னையே மாட்டிவிட்டுக்கவா?"

"சார், அவன் அரை மார்க்குக்கு என் வாசல்ல வந்து நின்னு சண்டை போடுவான். தப்பான விடைக்குக்கூட மார்க் கேட்டு வாங்கிட்டுப் போவான். விட்டுக் குடுக்கறவன் இல்ல."

"அப்படிப்பட்டவரு இப்ப விட்டுக் குடுக்கறாருன்னா நெஜமா இருக்கலாம்ல?" அதிகாரி பையின் வாரைப் பூட்டினார். "எங்க பழக்கம் என்னன்னா மேடம், ஒருத்தன் தனக்கு எதிராச் சொன்னா அத நம்புவோம். நீங்களும் உங்களுக்கு எதிராத்தான் சொல்றீங்க. ரெண்டு பேரும் அப்படிச் சொன்னா நான் யாரத்தான் நம்புறது? உங்களுக்கு அவரு மாணவன், பாசம் இருக்கும்னு எழுதிருவாங்க. அவரா மாத்திச் சொன்னா நான் எடுத்துக்கறேன். சாயங்காலம் அறிக்கை அனுப்பணும். அதுக்கு மேல என் கையில இல்ல."

வெளியே வந்ததும் மேடம் படிக்கட்டிலேயே நின்று நெட்டையை அழைத்தார்.

"ஃபோன் அவன் தலைமாட்டுலதான் இருக்கு மேடம். வீட்டுல குழந்தையப் பாக்கப் போயிருக்காங்க, கூட யாரும் இல்ல. இடது காதுல கேக்கும். அடிச்சுட்டே இருங்க, எடுப்பான்."

"அவன் என்ன சொல்லியிருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். எங்கிட்ட வெல்டர் பத்தி மட்டும்தான் பேசறான். அவரு சிரிச்சாரு, அவரு சிரிச்சாருன்னு."

எண்ணை அழுத்தினார். மணி போயிற்று. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

நடந்துகொண்டே யோசித்தார். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறானா? செத்தவருக்காக ஏதாவது ஒரு தண்டனை வேண்டும் என்று தேடி எடுத்துக்கொள்கிறானா? இரண்டுக்கும் அவரிடம் பதில் இருந்தது: வாப்பா, இந்த ஒரு தடவை மார்க் கேளு, நான் போடுகிறேன். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதன் கிட்டேதான் அவரால் போக முடியவில்லை. அந்த வகுப்பில் எழுந்து நின்று கேட்ட ஒரே பையன் அவன். சிரிஞ்ச் துள்ளி மின்விசிறியில் பட்டபோது மற்றவர்கள் ஆரவாரித்தார்கள். அவன் சிரித்தானா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவர் விட்டுவிட்ட பக்கத்தை அவனே எழுதிக்கொண்டிருக்கலாம். அன்றே புரிந்திருக்கலாம். புரிந்தும், தண்ணீர் லாரி வராத ஒரு நாளில், அவருடைய வாக்கியத்தைச் சொல்லி ஒரு மனிதரைச் சிரிக்க வைத்துப் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாம். அப்படியென்றால் அவர் இன்று அதிகாரியிடம் சொன்ன உண்மை யாருக்கு உதவும்?

அவன் வாயால் கேட்டாக வேண்டும். வேறு வழியில்லை.

வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இந்த வருஷத்து முகங்கள். யாரோ ஆர்வக்கோளாறில் பலகையில் முன்கூட்டியே ஒரு வட்டம் போட்டு நடுவில் கோடு கிழித்து வைத்திருந்தார்கள். இன்று எந்தப் பாடம் என்று எல்லோருக்கும் தெரியும். சீனியர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள். சாய ஃபாக்டரிச் சேதி இவர்கள் காதுக்கு இன்னும் வரவில்லை போல.

மேடம் ஃபோனைக் காதில் வைத்தபடியே மேடையில் ஏறினார். இடது கையால் சாக்பீஸை எடுத்தார். மணி போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் இடுப்பில் இடித்தாள்.

"மேடம், ஒரு சந்தேகம். உள்ள என்ன இருக்கு? காத்தா, தண்ணியா?"

வகுப்பு முழுவதும் முன்னால் சாய்ந்தது. ஒருவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, அவர் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தான்.

"இரும்மா," என்றார் மேடம். "சொல்றேன். எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கிற அளவுக்கு அறை அமைதியாயிற்று. காதருகே, எங்கோ ஒரு தலைமாட்டில், மணி அடித்துக்கொண்டே இருந்தது.